ஆறு குழாய் ராக்கெட்

என் பத்தாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பா ஒரு ராக்கெட் வாங்கித் தந்தார். நிஜமாகவே நெருப்பும் புகையுமாக மேலே போகிற ராக்கெட். ஆனால் அது ராக்கெட்டாக வரவில்லை. அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்தது. நீளமான அட்டைக்குழாய் ஒன்று, அதே பருமனில் குட்டைக் குழாய்கள் ஆறு, பிளாஸ்டிக் மூக்கு, ரப்பர் கயிறு, ஆரஞ்சு நிறத்தில் சின்னதாக ஒரு பாராசூட். எல்லாவற்றையும் நாமே ஒட்டிச் சேர்க்க வேண்டும். நாமே என்றால் நான். பத்து வயதும் அதற்கு மேலும் என்றுதான் பெட்டியின் மேல் போட்டிருந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பற்றி அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

தொம்மலூரின் பழைய சந்து ஒன்றில் எங்கள் வீடு. கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் கல்யாணம் ஆகாத சித்தப்பா. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா ஒருநாள் சொன்னாராம். என் பிணத்தைத் தாண்டித்தான் என்று அப்பா சொன்னாராம். அத்தோடு பேச்சு நின்றுபோனது. அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து தண்ணீர் மோட்டார் போடுவது, கேட் பூட்டுவது, கரண்ட் பில் வந்தது எல்லாமே என் வழியாகத்தான் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் போய்வந்தன. படிக்கட்டின் அடியில் நின்று, மேலே நன்றாகக் கேட்கும் குரலில் அப்பா என்னிடம் சொல்வார்: "மோட்டார் போடப்போறேன்னு மேல சொல்லு." மேலேயிருந்து சித்தப்பா, "கேட்டுச்சுன்னு சொல்லு" என்பார். அதன் பிறகும் நான் படியேறிப் போய்ச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இருவருக்கும் கோபம் வரும்.

ராக்கெட் வந்த அன்று சாயங்காலம் அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் அடுகோடியில் ஒரு பட்டறையில் போர்மேன். எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் அதில் என்ன குறை என்றுதான் தேடுவார்.

"ரெக்கை எங்க?"

"ரெக்கை கிடையாதுப்பா. இந்தக் குழாய்ங்கள சுத்தி ஒட்டணும்."

"ரெக்கை இல்லாத ராக்கெட்ட எவனாவது வாங்குவானா? கடைக்காரன் ஏமாத்திட்டான். போய்ச் சொல்லு உங்க சித்தப்பன்கிட்ட."

போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டரில் ஏதோ ஆபீஸ் வேலையாக இருந்த சித்தப்பா நாற்காலியோடு திரும்பினார். "குழாய்தான் ரெக்கைன்னு சொல்லு. காத்து அதுக்குள்ள பூந்து போகும், ராக்கெட் நேரா நிக்கும். பெட்டி மேல படம் இருக்கு, கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்லு."

கண்ணாடி விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். "அவ்ளோதானா? வேற எதுவும் சொல்லலையா?" என்று அப்பா சந்தேகமாகக் கேட்டார். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

நகரத்துக்கு வெளியே, ஹொசகோட்டைப் பக்கம் ஒரு வெற்று மைதானத்தில், கல்லூரி மாணவர்கள் சிலர் ராக்கெட் விடும் நாள் ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ராக்கெட்டை மேலே தள்ள உள்ளே வைக்கும் மருந்துக்குச்சியை அவர்களே தருவார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் என் ராக்கெட் தயாராக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான்.

மாடியில் சித்தப்பாவோடு உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன். நடுக்குழாயைச் சுற்றி ஆறு குழாய்களும் பூவிதழ் மாதிரி நெருக்கமாக உட்கார வேண்டும். ஐந்து உட்கார்ந்தன. ஆறாவதற்கு இடம் போதவில்லை. பசையைத் தாராளமாகப் பூசியதில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. "காயட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சித்தப்பா ஆபீஸ் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அதைக் கீழே கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் ஆறாவது குழாய் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அப்பா உப்புத்தாளால் பக்கவாட்டில் தேய்த்துத் தானே ஒட்டியிருந்தார். அது என் ராக்கெட். அதன் ஒரு குழாயைக்கூட நான் முழுதாக ஒட்டவில்லை.

சித்தப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு தேச்சாரு? ஒரு பக்கம் வெயிட் கம்மியாயிடும். போய்க் கேளு." கேட்டேன். "உங்க சித்தப்பன் கோணலா ஒட்டினத நேராக்கினேன். அதுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொல்லு." படிக்கட்டில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கால் வலித்தது. யார் சொன்னது யாருக்கு என்பதே மறந்துபோயிற்று.

அடுத்த நாள் அப்பா ராக்கெட்டின் நடுவில் நூல் கட்டிச் சந்தில் நின்று தலைக்கு மேல் சுற்றினார். மூக்கு முன்னால் போனால் வானத்திலும் ஒழுங்காகப் போகும் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருந்ததாம். அந்தத் தாளை அவர் எப்போது படித்தார் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஆன்ட்டி வாசலில் காய்ந்த துணிகளை அவசரமாக அள்ளினார். மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சித்தப்பா என்னைக் கூப்பிட்டார்: "இன்னும் ஸ்பீடா சுத்தணும்னு சொல்லு கண்ணு." அப்பா என்னைப் பார்க்காமலே, "எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்று வாயைத் திறக்கவே இல்லை. எல்லாருக்கும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ராக்கெட் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு அழகாகச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் ஸ்கூட்டரில் அம்மாவும் நானும், சற்றுப் பின்னால் சித்தப்பா தன் பைக்கில் தனியாக. மைதானத்தில் நாலைந்து குடும்பங்கள் இருந்தன. என் முறை வந்தது. இரும்புக் கம்பியில் ராக்கெட்டை மாட்டினார்கள். பட்டனை அழுத்தும் வேலையாவது என் கைக்கு வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாணவர் கன்னடத்தில் எண்ணினார்: "மூறு, எரடு, ஒந்து!"

அழுத்தினேன். சீறிக்கொண்டு போனது. ரெக்கை இல்லாத என் ராக்கெட் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் கத்தியதில்லை. உச்சியில் போய் ஒரு கணம் நின்று, மூக்கைக் கீழே திருப்பியது. உள்ளே டப் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அந்த வெடிப்பில் மூக்கு கழன்று வெளியே வர வேண்டிய பாராசூட் வரவில்லை. போன வேகத்திலேயே தலைகீழாக வந்து, பக்கத்து ராகி வயலுக்குள் செருகிக்கொண்டது.

நான் ஓடினேன். எனக்கு முன்னால் அப்பாவும் சித்தப்பாவும் ஓடினார்கள். ராக்கெட்டைப் பிடுங்கியெடுத்த அப்பா, மூக்கைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. பாராசூட்டில் தீப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைக்கும் காகிதம் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ காகிதத்த யாருடா உள்ள திணிச்சது?"

டா. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"நான்தான் காலைலயே வெச்சேன். நீயும் வெச்சியா?"

"வைக்கலேன்னு நெனச்சு வெச்சேன். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"யார்கிட்ட சொல்றது? பாப்பா குளிச்சிட்டிருந்தா!"

"அவ குளிச்சா என்ன, உனக்கு வாயில்லையா?"

"உனக்கு இருந்துச்சா? மூணு வருஷமா இருந்துச்சா?"

ராகிப் பயிருக்கு நடுவே நின்று இருவரும் கத்தினார்கள். குழாயில் தொடங்கி உப்புத்தாளுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து எனக்கு விளங்காத ஏதேதோ பழைய விஷயங்களுக்குப் போனார்கள். மைதானமே திரும்பிப் பார்த்தது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. நசுங்கிய ராக்கெட்டை அப்பா கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அழுதபடி அம்மாவிடம் ஓடினேன்.

"போய் நிறுத்தச் சொல்லும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

அம்மா நகரவில்லை. சித்ரான்ன டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்னிரு," என்று கன்னடத்தில் என்னை அடக்கினாள். "பேசட்டும்."

"பேசலம்மா, சண்டை போடறாங்க!"

"போடட்டும்."

என் ராக்கெட் நாசமானதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயலில் அவர்களும் அதை மறந்துவிட்டிருந்தார்கள். சத்தம் குறைந்து, இருவரும் வரப்பில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குடும்பத்தில் என் பொருளுக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தேன். என் கோபமெல்லாம் போய்விட்டது. ஒருத்தராவது என் ராக்கெட்டுக்காக வருத்தப்படுகிறார்களே. பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டு, "அழாதம்மா," என்று தேற்றினேன். "அடுத்த பிறந்தநாளுக்கு வேற வாங்கிக்கலாம்."