அக்காவின் சுண்டுவிரல்

என் அப்பா இன்னொரு மனிதர் முன்னால் கைகூப்பி நின்றதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவரை அப்படி நிற்க வைத்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. வயதானால் மனசு இளகிவிடும் என்கிறார்கள். எனக்கு அந்த இடம் மட்டும் இறுகித்தான் போயிருக்கிறது.

எண்பதுகள் முடிகிற சமயம். நான் பிசியோதெரபி படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வேலைக்காக வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் டைப்ரைட்டிங் போவார்கள், மிஞ்சினால் டீச்சர் ட்ரெயினிங். என் படிப்பு என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியே அப்பா பாதி டாக்டர் ஆகியிருந்தார்.

கடைசி வருடம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. அம்பத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு என்னை அனுப்பினார்கள். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட் தொழிலாளிகள்தான் அங்கே அதிகம் வருவார்கள். மெஷினில் கை சிக்கியவர்கள், நாளெல்லாம் நின்று நின்று இடுப்பு விட்டுப்போனவர்கள். பிசியோதெரபிப் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு சார் இருந்தார். நாற்பது வயது இருக்கும். நாங்கள் தேறினோமா இல்லையா என்று கல்லூரிக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அந்தத் தெம்பில் எங்களைக் காய்கறி வாங்கிவர அனுப்புவார். அவர் மகளுக்குப் பள்ளிக்கூடச் சார்ட்டு வரைந்து கொடுக்கச் சொல்வார். நோயாளியின் உடம்பைத் தொட்டுக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில், அவருக்குச் சேவகம் செய்யத்தான் கற்றுக்கொண்டோம்.

ஒரு நாள் காலையில் ஒரு அக்கா வந்தார். போல்ட் செய்யும் பட்டறையில் நின்றபடியே வேலை. குதிகால் வலி. சர்க்கரை நோயும் இருந்தது. பாதத்துக்கு அகச்சிவப்பு விளக்கால் சூடு கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கலாம், சுட்டாலும் தெரியாது. அதனால் முதலில் தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீரும் இன்னொன்றில் பச்சைத்தண்ணீரும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"இன்னா கண்ணு, ஊசி போடப் போறியா?" என்று அந்த அக்கா பயந்தார்.

"இல்லக்கா. கண்ண மூடிக்கோங்க. நான் காலுல வைக்கிறது சுடுதா, ஜில்லுனு இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

பின்னாலிருந்து சார் குரல் கேட்டது. "ஏம்மா, இங்க என்ன லேப் பரீட்சை நடக்குதா? வெளிய எவ்வளவு கூட்டம் நிக்குது பாரு."

"சார், சுகர் பேஷன்ட். வேண்டாம் சார், உணர்ச்சி இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு..."

"எனக்கே பாடம் எடுக்குறியா?" அவரே விளக்கை இழுத்து, பாதத்துக்கு மிக அருகில் வைத்து, சுவிட்சைப் போட்டார். "அடுத்த ரூம்ல தோள்பட்டை பேஷன்ட் இருக்காரு, அவரப் பாரு போ. இத நான் பாத்துக்கறேன்."

நான் போனேன். அவர் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து மருந்துக் கம்பெனி ஆளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது வாடை முதலில் வந்தது. அக்காவின் பாதத்து ஓரமும் சுண்டுவிரலும் வெந்து கொப்பளித்திருந்தன. அவர் சுவரில் சாய்ந்து சுகமாகக் கண்ணயர்ந்திருந்தார்.

பெரிய டாக்டர் ஓடிவந்தார். சார் கண் இமைக்காமல் சொன்னார். "ஸ்டூடன்ட் பண்ணிட்டா டாக்டர். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விளக்கப் போட்டிருக்கா."

சத்தத்தில் விழித்திருந்த அக்காதான் எகிறினார். "இன்னா சார் பேசுற நீ? அந்தப் பொண்ணு வாணாம்னுதான சொல்லிச்சு. நீதான லைட்ட இஸ்து வச்ச!"

"கால் வெந்த அதிர்ச்சியில ஏதோ உளறுது டாக்டர்" என்றார் சார்.

பட்டறைப் பெண்ணின் பேச்சும் மாணவியின் பேச்சும் அங்கே எடுபடவில்லை. அன்றைக்கே என்னை வெளியே அனுப்பினார்கள். பயிற்சியை முழுக்க மறுபடி செய்ய வேண்டும் என்று கல்லூரி சொல்லிவிட்டது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போக, நான் மட்டும் தங்கினேன்.

கல்லூரி முடிவு சொல்வதற்கு முன்னால் அப்பா லீவு போட்டுவிட்டு என்னை அழைத்துக்கொண்டு அந்த ஆளைப் பார்க்கப் போனார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். சார் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், எம்புள்ள படிப்பு சார். நீங்க ஒரு வார்த்த சொன்னீயன்னா போதும்" என்று அப்பா கைகூப்பினார்.

சார் தலை நிமிரவில்லை. ஒரு சுளையை எடுத்து, அதன் மேலிருந்த நாரைப் பொறுமையாக உரித்து, வாயில் போட்டு மென்று முடித்த பிறகுதான் பேசினார். "பொம்பளப் பிள்ளை. ஒரு கல்யாணத்தப் பண்ணி அனுப்புங்க. இதெல்லாம் எதுக்கு?"

அப்பாவின் கைகள் கூப்பியபடியே இருந்தன. ஆவடிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் மனசுக்குள் சொன்னேன்: உனக்கு ஒரு நாள் வரும்டா.

அக்காவின் புண் ஆறவில்லை. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அம்பத்தூரில் ரயில் பாதையோரம் அவர் வீடு. நான் அவ்வப்போது போய்க் கட்டு மாற்றிவிடுவேன். இருவரும் பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரே விஷயம்தான் இருந்தது, அந்த ஆளைத் திட்டுவது. அதில் அக்காவின் வாய்க்கு முன்னால் என் வாய் நிற்காது.

நான் படித்து முடித்தேன், மேலேயும் படித்தேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியை ஆனேன். மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவது என்று பார்க்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது.

அந்த சார் தானாகவே வந்தார். முடி நரைத்திருந்தது, தொப்பை விழுந்திருந்தது. "வணக்கம் மேடம்" என்று சொல்லிவிட்டு நான் உட்காரச் சொல்லும்வரை நின்றார். நான் சீக்கிரம் சொல்லவில்லை. சென்னீர்குப்பத்தில் ஹைவே மேல் சொந்தமாகக் கிளினிக் திறந்திருக்கிறாராம். எங்கள் மாணவர்களை அனுப்பினால் நன்றாகக் கற்றுக்கொடுப்பாராம். சம்பளம் இல்லாத ஆட்களும், போர்டில் போட்டுக்கொள்ள எங்கள் கல்லூரியின் பெயரும் வேண்டும், அவ்வளவுதான். என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினார். அடையாளம் தெரியவில்லை.

"வந்து பாக்குறோம் சார்" என்றேன்.

கல்லூரி முதல்வர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்த்த இளம்பெண்ணிடம், "சூடு வைக்கிறதுக்கு முன்னாடி உணர்ச்சி இருக்கான்னு பாப்பீங்களா?" என்று கேட்டேன். அவள் சார் முகத்தைப் பார்த்தாள். சார் சிரித்தார். "அதெல்லாம் பரீட்சைக்குத்தான மேடம். கூட்டம் நிக்கும்போது யாரு பாக்குறா?"

முதல்வர் அம்மா, கிளினிக்கில் கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து காருக்குப் போய்விட்டார். நான் பின்தங்கினேன்.

"என்னைத் தெரியலையா சார்? அம்பத்தூர் ஆஸ்பத்திரி. நீங்க வச்ச விளக்குக்கு நான் பழி சுமந்தேன். எங்கப்பா உங்க முன்னாடி கைகூப்பி நின்னாரு."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நடிப்பில்லை, நிஜமாகவே யோசித்தார். "எத்தனையோ பிள்ளைங்க வந்தாங்க மேடம். சட்டுனு ஞாபகத்துக்கு வரல."

இத்தனை வருடம் நான் சுமந்தது அவருக்கு ஒரு நினைவாகக்கூட இல்லை. அவர் கேட்டதை மறுத்துவிட்டு வந்தேன், ஆனால் நெஞ்சு ஆறவில்லை. மறுநாளே அம்பத்தூர் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ்ளோதானா?" என்றார் அக்கா. "பசங்கள அனுப்ப மாட்டேன்ட்ட. சரி. எனுக்கு வெரலு பூட்ச்சு. அவனுக்கு இன்னா பூட்ச்சு?"

சொல்லிக்கொண்டே எழுந்து செருப்பை மாட்டினார்.

"எந்த பஸ்ஸு போவும்? என்னைய இட்டுகினு போ."

பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனோம். கிளினிக்கில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். அக்கா நடுபெஞ்சில் உட்கார்ந்து, எதிரிலிருந்த ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் விரல் எங்கே என்று கேட்டார். அதற்குத்தானே வந்திருக்கிறார்! சாவகாசமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "இந்த டாக்டரு லைட்டு வச்சாரும்மா. வச்சிட்டு பேசப் பூட்டாரு. எனுக்கு கால்ல தெரியாது, சக்கர கீதுல்ல? வெந்துபூட்ச்சு. பண்ணத பண்ட்டு இந்தப் பொண்ணு மேல போட்டாரு."

சத்தம் கேட்டு சார் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், பிறகு ஸ்டூலில் இருந்த காலைப் பார்த்தார். அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். என்னை மறந்தவர், அந்தக் காலை மறந்திருக்கவில்லை.

"வெளிய போம்மா" என்றார்.

"நா எதுக்குப் போறேன்? நா நோயாளி. காலு காட்ட வந்துகீறேன். பாரு. நல்லா குனிஞ்சு பாரு."

அவர் குனியவில்லை. அசையவும் இல்லை. சர்க்கரைக்காரர் ஒருவர் முதலில் எழுந்து செருப்பை மாட்டினார். அவரைத் தொடர்ந்து இரண்டு மூன்று பேர் எழுந்தார்கள்.

அக்கா அதற்குப் பிறகும் சில நாள், என்னிடம் சொல்லாமலே, தனியாகப் போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். நானும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கிளினிக்கைப் பற்றி என்னிடம் விசாரித்த கல்லூரிகளுக்கெல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். எவரும் மாணவர்களை அனுப்பவில்லை.

சில மாதம் கழித்து அங்கே வேலை பார்த்த அந்த இளம்பெண் என்னைத் தேடி வந்தாள். "கூட்டமே இல்ல மேடம். சார் எல்லார் மேலயும் எரிஞ்சு விழறாரு. வேற எங்கயாவது வேலை கிடைக்குமா?" என்றாள். அன்று சாயங்காலமே நாலு இடத்துக்கு போன் செய்து அவளுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தேன். அவள் நல்லதுக்காகவும்தான். ஆனால் ஒவ்வொரு தடவை நம்பரைச் சுழற்றும்போதும், அவர் அந்தக் காலி பெஞ்சுகளுக்கு நடுவில் இனித் தனியாக உட்கார்ந்திருப்பார் என்பதை நினைத்துத்தான் சுழற்றினேன்.