கயிற்றில் கட்டிய தாழ்வாரம்

தச்சு வேலை செய்கிறவனுக்கு நாற்காலி ஆடினாலும் திட்டு, அதில் உட்கார்ந்திருப்பவர் ஆடினாலும் திட்டு. அதனாலேயே நான் எதைச் செய்தாலும் அசையாமல் செய்வேன். சிதம்பரத்தில் அப்படி ஒரு பேரும் எடுத்திருந்தேன். அறுபதுகளில் அந்தப் பேர் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன். வேலை கொடுத்தவர்களிடம் அகப்பட்டு முழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

தேர் பார்க்க ஒரு மாடி

கீழ வீதியில் ஒரு வக்கீல் வீடு. தெருவைப் பார்த்த மாடியில் இருந்த மரத் தாழ்வாரம் செல்லரித்துப் போயிருந்தது. திருவிழாவுக்குள் புதிதாகப் போட வேண்டும்; தேரன்று உறவுக் கூட்டம் முழுக்க அதில்தான் நிற்கும். தேக்குச் சட்டம், தேக்குப் பலகை என்று இழைத்து இழைத்துச் செய்தேன். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழி நடுவிலேயே கிடந்தது.

வக்கீலுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒவ்வொரு மூட்டாகத் தட்டி என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில் மனைவி, மக்கள், குமாஸ்தா, சமையல்காரர் எல்லோரையும் மேலே ஏற்றினார். நானும் பெருமையாக ஏறப் போனேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"நாங்க மேல குதிக்கிறோம். நீங்க கீழ போய் நில்லுங்க, ஆசாரி."

அஞ்சலை சொன்ன அளவு

நான் கீழே நின்று பிழைத்த கதை சந்தை வரைக்கும் போய்விட்டது. கருவாடு விற்க சிதம்பரம் வந்துபோகும் வேலு அதைக் கேட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார். கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவருடைய அக்காள் அஞ்சலையின் வீட்டுத் தாழ்வாரம் விழுந்து கிடக்கிறதாம். பாசஞ்சர் வண்டியில் என்னைக் கூடவே கூட்டிப்போனார்.

கடலைப் பார்த்த வீடு. ஏறி வருகிற தண்ணீருக்குத் தப்ப, மணலை விட்டு முழங்கால் உயரத்தில் பலகைத் தாழ்வாரம் போட்டிருந்தார்கள். அஞ்சலையின் வீட்டுக்காரர் ஆறுமுகம் கட்டுமரத்தில் மீனுக்குப் போனவர். ஒருநாள் அலை மரத்தைத் தூக்கி அவர் இடுப்பிலேயே போட்டது. அதோடு கடல் போயிற்று. கடலோடு தூக்கமும் போயிற்று. வீட்டுக்குள் மண்தரையில் படுத்தால் கண்ணே மூட மாட்டார். உளுத்துப்போன அந்தத் தாழ்வாரத்தில் மட்டும் கொஞ்சம் தூங்குவார். அதுவும் விழுந்த பிறகு ஆள் பாதியாகிவிட்டார். ஒரு விடியற்காலையில் தண்ணீரை நோக்கித் தவழ்ந்து போனவரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தூங்கினால்தான் தேறுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் வழக்கம்போல அளவு கேட்டேன். நீளம், அகலம் எதையும் அஞ்சலை சொல்லவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு கண்ண மூடித் தூங்கணும். அந்த அளவுக்குப் போடுங்கண்ணே."

நல்ல வேலை

அப்படி ஒருத்தர் கேட்டால் மனசு கேட்குமா? என் பேர் முழுவதையும் அந்தத் தாழ்வாரத்தில் இறக்கினேன். பனங்கால்களை ஆழமாக நட்டேன். வேங்கைப் பலகையை இடுக்குத் தெரியாமல் சேர்த்து ஆணி அடித்தேன். யானை வந்து நின்றாலும் அசையாது. ஆறுமுகத்தை அதில் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

நான் ஊருக்கு வந்த பிறகும் அவர் தூங்கவில்லை என்றே சேதி வந்தது. தலைமாட்டை மாற்றிப் பார்த்தார்களாம், சாம்பிராணி போட்டார்களாம். மனசு பொறுக்காமல் மறுபடியும் போனேன். கன்னம் ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். என் வேலையில் என்ன குறை என்று கேட்டேன். அவர் பலகையை உள்ளங்கையால் தடவினார். என் மனசு நோகக் கூடாதே என்று யோசித்துத்தான் பேசினார்.

"நல்ல வேலைதான் ஆசாரி. தரை மாதிரியே இருக்குது."

குமிழி கிளம்பியது

அன்றைக்கே வேலு தேங்காய்நார்க் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஆணியை எல்லாம் பிடுங்கச் சொன்னார். கட்டுமரத்தில் ஆணியே கிடையாது, மரத்தோடு மரத்தைக் கயிற்றால்தான் கட்டுவார்கள், அலை வந்தால் ஒவ்வொரு மரமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்றார். மாமாவுக்கு அந்த அசைவு இல்லாமல் தூக்கம் வராது, பழைய தாழ்வாரம் உளுத்து ஆடியதால்தான் அதில் தூங்கினார் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆடுகிற தாழ்வாரம் செய்தவன் என்று ஊர் சொன்னால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? அஞ்சலை என் சுத்தியலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் கோபத்தை விழுங்கிவிட்டு ஆணியைப் பிடுங்கினேன். சொந்தப் பல்லைப் பிடுங்குவது போலத்தான் இருந்தது.

வேலு பிடித்துக் கொடுக்க, ஆறுமுகம் உட்கார்ந்தபடியே கட்டினார். இடுப்புக்குக் கீழேதான் முடியாதே தவிர, கை இரண்டும் வைரம் பாய்ந்த கட்டை. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். பலகையைச் சட்டத்தோடும், சட்டத்தைக் காலோடும் கயிறுதான் பிடித்தது. முடிந்ததும், கை சும்மா இருக்காமல் ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். குமிழி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறுமுகம் அதையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இப்பத்தான் கரைய வுட்டுக் கெளம்பியிருக்குது."

மத்தியானத் தூக்கம்

சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுமுகம் அதில் சாய்ந்தார். கட்டு தாங்குகிறதா என்று பார்க்க நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். தாழ்வாரம் மெல்ல ஒரு பக்கம் இறங்கி, முனகிவிட்டு, திரும்பி வந்தது. வெயிலில் கடல் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. காற்று வந்து மோதும்போதெல்லாம் கயிறு கிறீச்சிட்டது. சும்மா ஒரு நிமிஷம் படுத்துப் பார்க்கலாம் என்று படுத்தேன்.

அப்புறம் கீழ வீதியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. அதில் வக்கீல் வீட்டு மாடி தனியே கழன்று மிதந்து போகிறது. குமாஸ்தாவும் சமையல்காரரும் அதிலிருந்து கை ஆட்டுகிறார்கள். நானும் என் பலகையில் அவர்கள் பின்னாலேயே போகிறேன். கோபுரம் தூரமாகிக்கொண்டே போகிறது, எனக்கோ கொஞ்சமும் பயமில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஆறுமுகம் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாசற்படியில் அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். வேலு குனிந்து, கயிற்றைப் பற்றியிருந்த என் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டார்.

"மொத மொத கடலுக்கு வர்ற எல்லாரும் இப்படித்தான் கெட்டியாப் புடிச்சிக்கினு தூங்குவாங்க."

காணாமல் போன தாழ்வாரம்

மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை கயிறு தளர்ந்திருக்கிறதா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். முற்பகல் நேரம். தாழ்வாரத்தைக் காணோம், பனங்கால்கள் மட்டும் மொட்டையாக நின்றன. பிரித்துவிட்டார்கள் என்றால், அதில் படுக்க ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்? உள்ளேயிருந்து அஞ்சலை வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அவர் கை காட்டிய பக்கம் போனேன். கரையில் மற்றவர்களின் கட்டுமரங்களை அவிழ்த்து உலரப் போட்டிருந்தார்கள். அவற்றோடு வரிசையாக என் வேங்கைப் பலகைகளும் கிடந்தன. நடுவில் ஆறுமுகம், கன்னத்தில் சதை வைத்து, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனையவே நனையாத பலகையை எதற்குக் காயப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பது போல அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கரைக்கு வந்த மரத்தக் கட்டோட போட்டு வைப்பாங்களா, ஆசாரி? காயட்டும். சாயங்காலம் கட்டிக்கினு கெளம்பணும்."

எத்தனையோ வீட்டுக்குத் தாழ்வாரம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடலுக்கே போகாமல் தினமும் கரைக்குத் திரும்பிய தாழ்வாரம் அது ஒன்றுதான்.