மஞ்சள் ஸ்வெட்டரின் இடது கை

போன வருடம் கார்த்திகை மாதம், அடைமழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சமயம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அந்த மழையில் நடந்த ஒரு விஷயத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். எழுதினால் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குக் கம்பளி நூலில் பின்னத் தெரியும். கல்யாணத்துக்கு முன் தையல் வகுப்புக்குப் போன இடத்தில் பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. வட சென்னையில் ஸ்வெட்டர் பின்னுகிறவள் என்றால் கேட்கவா வேண்டும்? வேர்வை வழிய வழிய வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். போகிறவர் வருகிறவர் எல்லாம், "இன்னாக்கா, ஊட்டிக்கா போறே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். "எனுக்கு மட்டும் எதுவும் பின்னிடாதமே, வண்டிக்குள்ளயே வெந்துகினு கீறேன்" என்பார். நான் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. பெண் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பையன் இப்போதுதான் எல்.கே.ஜி. சாயங்காலம் நான் புது நூல் பிரித்தால் மகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரே உட்காருவாள். அவள் கையில் நூலை மாட்டி நான் உருண்டையாகச் சுற்றுவேன். சின்னவன் அந்த உருண்டையைத் தட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடுவான். கத்தல், அடி, அழுகை, பிறகு சிரிப்பு. அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் வீட்டில் டிவி ஓடாது.

மகளுக்கு இரண்டு வயது இருக்கும்போது மஞ்சள் நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்னிப்போட்டேன். அது பத்தாமல் போய் எத்தனையோ வருடமாகிறது. அவளோ அதை விடுவதாக இல்லை. ராத்திரி அதைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். துவைக்கப் போட்டால் காயும்வரை கொடிக்குக் கீழேயே நிற்பாள். அந்த ஸ்வெட்டரின் இடது கை நுனியில் நூல் கொஞ்சம் விட்டுப்போய்த் தொங்கும். சின்னவனுக்கு அதைப் பிடித்து இழுப்பதுதான் வேலை.

எதிர்வீட்டில் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். என் பிள்ளைகளுக்கு அவள் அத்தை. அவள் புருஷன் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவன். மாமியார் அதே காசிமேட்டில் மீன் விற்கிறவர். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. இரண்டாவது முறை, ஏழாவது மாதமே ஆசையாகச் சட்டையும் மெத்தையும் வாங்கி வைத்தார்களாம். பிறந்து ஒரு நாள்கூட இருக்கவில்லை. அந்த மெத்தையை மாமியார் கடலில் கொண்டுபோய் விட்டதை நானே பார்த்தேன்.

மூன்றாவது முறை அவள் முழுகாமல் இருந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. வளைகாப்புகூட வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் மழை ஆரம்பித்த அந்த வாரம், மாசம் ஏழுகூட முடியவில்லை, அவளுக்கு வலி எடுத்துவிட்டது. புருஷன் அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து ஆட்டோ நிற்கும் இடத்துக்குப் போனான். அரசு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. உயிரோடு பிறந்தது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.

சில நாள் கழித்து, இனிமேல் அம்மா குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அந்தச் சூடுதான் மருந்து, தலைக்குக் குல்லா மட்டும் கட்டாயம் வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். வெள்ளைக் கட்டுத் துணியைக் குழந்தையின் தலையில் சுற்றி, அளவுக்குக் கத்தரித்தும் கொடுத்தனுப்பினார். அவள் புருஷன் அந்தத் துண்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். ஒரு சாத்துக்குடியைச் சுற்றுவதற்கு மேல் அதில் நீளம் இல்லை.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போட மாட்டார்கள். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த குழந்தை போட்டுக் கழித்த பழையதைத்தான் கேட்டு வாங்கிப் போடுவார்கள். மாமியார் மழையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய குல்லாக்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். எல்லாமே மாசம் நிறைந்து பிறந்த குழந்தைகளுடையது. ஒவ்வொன்றும் அந்தக் குழந்தையின் முகத்தையே மூடிவிடும் பெரிசு. இவ்வளவு சின்னத் தலையோடு பிறந்து பிழைத்த குழந்தை எங்கள் தெருவில் இல்லை. அப்புறம் அந்த அளவில் பழைய குல்லாவுக்கு எங்கே போவது?

நான் விட்டேனா? ஆஸ்பத்திரியிலேயே துணிக்குல்லா தருவார்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் நானே புதுசாகப் பின்னித் தருகிறேன் என்று எதிர்வீட்டில் நேரே போய் நின்றேன். மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு புள்ளைய பறிகுட்துட்டோம்மா. கைய எட்து கும்புடறேன், புதுசு மட்டும் வாணாம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. குழந்தை குளிரில் கிடக்கிறது, இவர்களுக்குச் சாஸ்திரமா என்று அந்தப் பெண்ணுக்கே போன் போட்டேன். அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அக்கா, எனுக்கு மட்டும் இதுல நம்பிக்க கீதுன்னா நெனைக்கிற? ஆனா இந்த தபாவும் எதுனா ஆச்சுன்னா, புதுசு போட்டதாலதான்னு நானே சொல்லி சொல்லி செத்துடுவேன். பழசே பாருக்கா."

போனை வைத்துவிட்டேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டுக்குள் வந்தால் இரண்டும் கட்டிப்புரண்டு சண்டை. சின்னவன் வழக்கம்போல ஸ்வெட்டர் நூலைப் பிடித்து இழுத்திருக்கிறான். அன்றைக்கு அது சரசரவென்று வந்துவிட்டது. நான் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னி மணிக்கட்டில் முடிக்கிறவள். அந்த முடிச்சு விட்டால் மொத்தமும் பிரிந்து வரும். மகள் அலறிக்கொண்டிருந்தாள். இருந்த எரிச்சலில் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று வைக்கலாம் என்று கையை ஓங்கினேன். பையன் கையில் சுருள் சுருளாக அந்த மஞ்சள் நூல். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

பழைய நூல். என் பெண் போட்டு வளர்ந்த நூல்.

மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். அத்தையின் பாப்பா எவ்வளவு சின்னது என்று அந்தக் கட்டுத் துணியைக் காட்டினேன். அவள் ஸ்வெட்டரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முடியாது என்றாள். நான் வற்புறுத்தவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலேயே வந்து நின்றாள்.

"முழுசுமா?"

"இல்லடி. ஒரு கை போதும்."

யோசித்தாள். "அவன் பெர்சா ஆனதும் என் கைய திருப்பி குட்துடணும்."

கொடுத்துவிடுவார்கள் என்று வாக்குக் கொடுத்தேன். அவளே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரிக்கப் பிரிக்க அவள் கையில் நூல் ஏறியது. தோள்வரை வந்ததும் நிறுத்தி, அங்கே வளையம் வளையமாகத் திறந்து நின்ற கண்ணிகள் மேலும் பிரியாமல் இருக்க அவற்றை ஒரு வெள்ளை நூலில் கோத்துக் கட்டினேன். சின்னவன் என்ன நினைத்தானோ, முதல் தடவையாக எதையும் தட்டிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

நூலை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். மாமியார் அதை வாங்கி முகர்ந்து பார்த்தார். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இத போட்டுகினு இருந்தப்போ உம்பொண்ணு நோவுன்னு படுத்தாளா?"

"இல்லத்த. ஒரு சளிகூட இல்ல."

"அப்ப இது பழசுதாம்மே. பின்னு."

பிரித்த நூல் சுருண்டுகொண்டு நேராக நிற்காது. இட்லிப் பானை ஆவியில் காட்டி நீவினேன். கட்டுத் துணியின் அளவு வைத்துக்கொண்டு பின்னி, கூடையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து மாட்டிப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தது. மகள் அந்தச் சாத்துக்குடியை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் அலசி, வெயில் இல்லாததால் ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டில் காயவைத்தேன். விளக்கு வைப்பதற்குள் குல்லா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. மகள் கேட்ட வாக்கைப் போனில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன், திருப்பிக் கொடுத்துவிடுவதாக அவளும் சொன்னாள். மிச்ச நூலில் இரண்டு காலுறையும் பின்னி மறுநாள் அனுப்பினேன்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவள் புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்து போனில் படம் காட்டுவான். அவள் மார்பில் சேலைக்குள் குழந்தை. வெளியே தெரிவது மஞ்சள் குல்லா மட்டும். "அம்மா, என் கை அவன் தலமேல கீது" என்று மகள் குதிப்பாள். எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பான் ஒரு நாள். பாலைத் தானே சப்புகிறான் என்பான் இன்னொரு நாள். மாமியார் எங்கிருந்தாலும் அந்த நேரத்துக்கு வந்து போனை வாங்கி, "இன்னா நைனா, வூட்டுக்கு எப்போ வர்றே" என்று அந்தப் படத்திடம் கேட்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எங்கள் சந்தில் அதற்கு முன் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மழை விட்டு வெயில் அடித்த முதல் நாள் காலை, அவள் புருஷன் வந்தபோது கையில் போன் இல்லை. குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததாம். டாக்டர்கள் முடிந்தவரை பார்த்தார்களாம். விடியற்காலையில் போய்விட்டது.

எங்களில் குழந்தையை அடக்கம் செய்யப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் திரும்பி வந்ததும், மாமியார் குழந்தைக்கு வைத்திருந்த பழைய துணிப்பை முழுவதையும் கடலில் விட்டுவிட்டு வந்தார். வந்தவர் ஈரச் சேலையோடு நடுச்சந்தில் நின்று, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"புதுசும் வாங்கி பார்த்தாச்சு. பழசும் போட்டு பார்த்தாச்சு. இன்னும் இன்னாதான் பண்ணணும்னு யாராவது சொல்லுங்களேன்."

குல்லாவும் அந்தப் பையோடு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெண் அழவே இல்லை என்று சொன்னார்கள். சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், அழ மட்டும் மாட்டேன் என்கிறாள். நான் ஊசியைத் தொடவில்லை. நூல் கூடையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். பிள்ளைகளும் கேட்கவில்லை. மகளிடம் பாப்பா சாமியிடம் போய்விட்டது என்று சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு ராத்திரியும் அந்த ஒற்றைக் கை ஸ்வெட்டரை வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். முந்தானையை விலக்கி ரவிக்கைக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். அந்த மஞ்சள் குல்லா. துவைத்து நான்காக மடித்திருந்தது. அடக்கத்துக்குக் குழந்தையைக் கொடுக்கும்போது கழற்றி ஒளித்து வைத்திருக்கிறாள், மாமியாருக்குக்கூடத் தெரியாமல்.

"உம்பொண்ணுகிட்ட திருப்பி குட்துடறேன்னு சொல்லிகீறோம் இல்லக்கா. பிரிச்சி அவ சட்டையிலயே சேத்து குட்துடு" என்று என் மகளிடம் நீட்டினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மகள் அதைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அவன் இன்னும் பெர்சாவலியே அத்த. பெர்சானாதான குடுக்கணும். நீயே வச்சிக்கோ."

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். அதுவரை எங்கே வைத்திருந்தாளோ, அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. நான் அவள் தலையைப் பிடித்து என்மேல் சாய்த்துக்கொண்டேன். நானும் அழுதேன்.

சத்தம் கேட்டு மாமியார் ஓடிவந்தார். மருமகள் கையில் இருந்த குல்லாவைப் பார்த்தார். பிடுங்கிக் கடலில் எறியப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் குனிந்து அதை வாங்கி, மடிப்பை நீவி, மருமகளின் ரவிக்கைக்குள்ளேயே திரும்ப வைத்தார். "வா, வூட்டுக்கு போலாம்" என்று தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு நான் பரண்மேலிருந்து கூடையை இறக்கினேன். இப்போது சின்னவனுக்கு நீலத்தில் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன். ஊட்டிக்காரி என்று கேலி செய்கிறவர்கள் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மகளின் ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டு, இதற்கு இன்னொரு கை எங்கே என்று கேட்டால், "எதிர்வூட்டு அத்தகிட்ட கீது" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். தோளில் வெள்ளை நூலில் கோத்து நிற்கும் அந்தக் கண்ணிகளை ஊசியில் எடுத்து மூடிவிடுவது எனக்குப் பத்து நிமிட வேலை, ஆனால் எதிர்வீட்டில் அந்தக் குல்லா இருக்கும்வரை அவற்றை மூட எனக்குக் கை வராது.