உப்புப் பட்ட கமாலியேல்

போர்ட்டோ ரிக்கோவிலேயே எங்கள் சான்டா ரிட்டாவில்தான் அறிவாளிகள் அதிகம். அதனால்தான் எங்கள் கூடைப்பந்து அணியான நண்டுகள் தோற்பதற்குக் காரணம் ஆட்டக்காரர்கள் இல்லை, குழாய் ரிப்பேர் பார்க்கும் கமாலியேல் என்று கண்டுபிடித்தார்கள்.

ராசியில்லாதவனை இங்கே 'உப்புப் பட்டவன்' என்போம். கமாலியேல் முதல்முறை அரங்கத்துக்குப் போன அன்று எங்கள் நட்சத்திரம் ஹெரால்டோவுக்குக் கணுக்கால் பிசகியது. அடுத்த முறை, ஜெயிக்கிற நேரத்தில் கரண்ட் போனது. தினம் கரண்ட் போகிற இந்தத் தீவில் அதற்கு ஒரு மனுஷன் வேறு காரணமாம்! அதோடு முத்திரை குத்தியாகிவிட்டது. மூடநம்பிக்கை பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்த பாதிரியார், பூசை முடிந்ததும் அவன் தோளில் கை போட்டு, "நீ வீட்லயே இருந்து ஜெபம் பண்ணுப்பா, மேட்ச் பக்கம் மட்டும் வந்துடாதே" என்றார்.

இத்தனைக்கும் நண்டுகள்மேல் உயிரையே வைத்திருந்தவன் அவன்தான். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா? ரேடியோவில் ஆட்டம் கேட்கும்போது தலையணையை வாயில் திணித்துக்கொண்டு கத்துவான். சத்தம் வெளியே கேட்டால் அணிக்கு ஆகாது என்று அவன் பெண்டாட்டி போட்ட சட்டம்.

"ஒரே ஒரு தடவை, நம்ம பசங்க ஜெயிக்கிறதைக் கண்ணால பாத்துத் தொண்டை கிழியக் கத்தணும் அக்கா" என்பான்.

இந்த வருஷம் இறுதித் தொடருக்கு வந்துவிட்டோம். நாலு ஆட்டம் ஜெயித்தவனுக்குக் கோப்பை. எதிராளி, பால்மரேஹோ ஊர்ச் சேவல்கள். ஆளுக்கு மூன்று ஜெயித்தாயிற்று. கடைசி ஆட்டம் அவர்கள் ஊரில். அப்போதுதான் ரசிகர் மன்றத் தலைவி நெரெய்டாவின் மூளை வேலை செய்தது, பல வருஷ ஓய்வுக்குப் பிறகு.

"உப்பை எதுக்கு வீட்ல வெச்சிருக்கோம்? எதிராளி சோத்துல கொட்டுவோம்!"

கமாலியேலுக்குச் சேவல்களின் மஞ்சள் சட்டை வாங்கினார்கள். அவர்கள் கூட்டத்துக்கு நட்டநடுவில் ஒரு சீட்டும் பிடித்தார்கள்.

"அவங்களுக்குத்தான் கை தட்டணும். நீ மாட்டிக்கிட்டா உப்பு நம்ம பக்கம் திரும்பிடும்" என்றாள் நெரெய்டா.

"நம்ம ஜெயிச்சா?"

"அப்பவும் வாயைத் திறக்காதே. பஸ் ஊர் வந்து சேர்ற வரைக்கும் நீ சேவல்தான்."

தலையாட்டினான். பாவி, பார்க்கவாவது கிடைத்ததே என்று அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டத்தன்று நாங்கள் பச்சைச் சட்டையில் மேளம் அடித்து ஆடினோம். எதிர்ப்பக்கம் அவன், சேவல்கள் போட்ட ஒவ்வொரு பந்துக்கும் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கை தட்டினான். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த எங்கள் ஏழடி நட்சத்திரம் ஐந்தாவது தவறும் செய்து வெளியேற்றப்பட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். வெட்கமாம், மகாராசனுக்கு!

கடைசி நொடி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஹெரால்டோ எகிறி வீசினான். மணி அடிக்கும்போது பந்து காற்றில் இருந்தது. அப்படியே வலைக்குள் விழுந்தது.

நாங்கள் குதித்தோம். கமாலியேலின் வாய் திறந்தது. அதற்குள் பக்கத்திலிருந்த கிழவர் ஒருவர் அவன் மார்பில் சாய்ந்து தேம்ப ஆரம்பித்துவிட்டார். அவன் வாயை மூடிக்கொண்டு அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

வெளியே பஸ்ஸைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தோம். எங்களை நோக்கி ஓடி வந்தவனை ஒரு ரேடியோக்காரன் மைக்கோடு மறித்தான்.

"தோத்துப்போன சேவல் ரசிகர் ஒருத்தர் கண்ணீரோட நிக்கிறார். எப்படிண்ணே இருக்கு உங்களுக்கு?"

நேரடி ஒலிபரப்பு. எங்கள் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கத்துடா கமாலியேல்! அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் என்ன?" என்று நான் கூவினேன். நெரெய்டா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள்.

அவன் ஆடுகிறவர்களைப் பார்த்தான்.

"இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன் தம்பி. எல்லாரும் ஆடுறாங்க. என்னால சேர முடியலையே" என்றான்.

"மனசைத் தேத்திக்குங்கண்ணே, அடுத்த வருஷம் உங்க டீம்தான்" என்றான் ரேடியோக்காரன்.

நெரெய்டா, என் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே என் காதில், "என்னமா நடிக்கிறான் பாத்தியா! அடுத்த வருஷமும் இவனுக்கு அதே சீட்டுதான்" என்றாள்.

அவள் கையை நறுக்கென்று கடித்துவிட்டேன்.