கரண்டு போனபோது பேசிக்கொண்டிருந்தவள்

அன்று ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட்டில் இருந்தவர்கள்: சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன், மடிப்பு மேசையில் சுந்தரி, பேக்கிங்கில் பாத்திமா அக்கா, துணிக் கட்டு ஏற்ற வந்த ஆட்டோக்காரர், அப்புறம் நான். ஆட்டோக்காரர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மகள் விஷயம் அவருக்குத் தெரியும்.

கார்த்திகாவுக்குப் பதினாறு வயது. பெருங்குடலில் புண். மாத்திரையில் அடங்கும், திரும்பவும் கிளம்பும். முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படிப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்குப் போனில் ஒரு குழு உண்டு, டாக்டர்களும் அதில் இருக்கிறார்கள். நான் எட்டாவதோடு நின்றவள், டைப் அடிக்க வராது. கார்த்திகாதான் அடித்துத் தருவாள். ஒருநாள், இந்த நோயோடு பிள்ளை பெற முடியுமா என்று கேட்கச் சொன்னேன். அடித்து அனுப்பினாள். போனை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அதன்பிறகு அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. பேசிப் பதிந்து அனுப்பப் பழகினேன்.

வீட்டில் பேசினால் அவளுக்குக் கேட்கும். அதனால் ஷெட்டில்தான் பேசுவேன். தறி ஓடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவளிடமும் கத்தத்தான் வேண்டும். குழுவிலும் ஒன்றும் கேட்கவில்லை, உரக்கப் பேசுங்கள் என்றார்கள். அன்று மூலையில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. தறிகள் நின்றன. என் வாய் நிற்கவில்லை.

“ரத்தமாப் போகுதுங்க. பள்ளிக்கூடத்துலயே பாவாடையோட போயிருச்சு.”

மறுநாள் முருகேசன் அண்ணன் கூப்பிட்டார்.

“இந்தா பாரு மாரி, நீ இனி பேக்கிங் பக்கம் வராத. ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கு. ஒட்டிக்கிச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“அது ஒட்டுற நோயில்லண்ணே. குழுவுல டாக்டர்மாரே சொல்லிருக்காவ.”

“போன்ல எவனோ சொன்னத நான் நம்பணுமாக்கும்?”

என்னைக் கழிவு நூல் பிரிக்கப் போட்டார். பாத்திமா அக்கா மட்டும் எப்போதும்போல என் தூக்குச் சட்டியில் கைவிட்டுச் சாப்பிட்டார். சுந்தரியின் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் கார்த்திகா வகுப்புதான். அந்த வாரமே கார்த்திகாவின் பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். பள்ளியில் பாத்ரூம் போகவேண்டி வந்துவிடக்கூடாது என்று அவள் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். டிபன் பாக்ஸ் மூடியபடியே திரும்பி வந்தது. ஆள் பாதியாகிவிட்டாள்.

பதறிப்போய்க் குழுவில் கேட்டேன். பிள்ளைகளுக்கென்று தனிக் குழு இருக்கிறது, பெற்றோரைச் சேர்க்கமாட்டார்கள், அதில் சேரச் சொல்லுங்கள் என்றார் ஒரு அம்மா. கார்த்திகாவிடம் சொன்னேன்.

“நான் ரொம்ப நாளா அதுலதாம்மா இருக்கேன்.”

“அங்க என்ன பேசுவிய?”

“எல்லாந்தான். அங்க யாருக்கும் ஒன்னயத் தெரியாதுல்லா.”

வேலைக்குப் புதிதாக வரும் பெண்களிடம் நான் சொல்வது இதுதான்: வீட்டுக் கதையைத் தறிச் சத்தத்தை நம்பிப் பேசாதீர்கள். அது எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

இப்போது டிபன் பாக்ஸ் காலியாக வருகிறது. சாப்பிட்டாளா, கொட்டினாளா என்று கேட்டால் “ம்” என்கிறாள். அந்தக் குழுவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.