கேமராவுக்கு நைட்டி மாட்டியவர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை பென்னி காணாமல் போய்விட்டான்.

பென்னி எங்கள் மேல் வீட்டு ஸ்டெல்லா அக்காவின் தம்பி. வயது நாற்பத்திரண்டு, மனசுக்கு ஏழோ எட்டோ இருக்கலாம். நாலு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலியிலிருந்து வந்து புனே கன்டோன்மென்ட் பக்கம் தங்கிவிட்ட குடும்பம். அக்கா ஸ்கூல் டீச்சர். பென்னிக்குப் பேச்சு அதிகம் வராது. பஸ்ஸையும் தண்ணீரையும் கண்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும்.

அன்று ஸ்கூல் லீவு. அக்கா குளிக்கப் போயிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் வாசல் கதவு திறந்து கிடக்கிறது... ஆள் இல்லை.

"அரே, பாஞ்ச் மினிட்... அஞ்சே நிமிஷம்தான்மா! அதுக்குள்ள போயிட்டான்!" என்று என் கதவைத் தட்டியவரின் காலில் செருப்புகூட இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நல்லவிதமாகவே நடந்துகொண்டார்கள். போட்டோவை வாங்கிக்கொண்டு, ஆளை அடையாளம் காட்ட எங்களையும் கேமரா கன்ட்ரோல் ரூமுக்கு அழைத்துப் போனார்கள். வாசலில் பளபளவென்று ஒரு பலகை — வெளிநாட்டு நிதியுதவியில் அமைக்கப்பட்டது என்று, இரண்டு நாட்டுக் கொடிகளோடு. உள்ளே சுவர் முழுக்கத் திரைகள். கம்ப்யூட்டரில் பாதி எழுத்து அந்த நாட்டு மொழி. ஆபரேட்டர் கான்ஸ்டபிள் அதைப் படிக்கவெல்லாம் முயலவில்லை. பச்சை பட்டன் என்றால் பின்னால் ஓடும், மஞ்சள் என்றால் பெரிதாகும்... நிறத்தை வைத்தே வேலையை முடித்துக்கொண்டிருந்தார்.

கேமராவை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவுக்கு கேமரா கேட்டுப் போட்ட மனுவில் முதல் கையெழுத்தே என்னுடையதுதான். அன்றும் இருபதே நிமிடத்தில் பென்னி கிடைத்தான் — திரையில். பஸ்ஸில் ஏறுகிறான். எரவாடாவில் இறங்குகிறான். கையை வீசி வீசி நடந்து ஒரு சந்துக்குள் திரும்புகிறான்.

"அதோ! அதோ போறான்!" ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

கான்ஸ்டபிள் சந்துக்குள் இருந்த கேமராவைப் போட்டார். திரை முழுக்க ஊதாப் பூக்கள்!

"இது என்ன?"

"நைட்டி, மேடம்," என்றார் அவர் அமைதியாக. "அந்தக் குடிசைப் பகுதியில யாரோ கேமரா மேல மாட்டியிருக்காங்க. ரொம்ப நாளாவே அப்படித்தான்."

எனக்கு வந்ததே ஒரு கோபம். ஒரு மனிதன் காணாமல் போயிருக்கிறான். பார்க்க வேண்டிய ஒரே கண்ணுக்கு யாரோ பூப்போட்ட துணி மாட்டியிருக்கிறார்கள். இதென்ன விளையாட்டா? அங்கேயே பேப்பர் வாங்கி, நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஒரு புகார் எழுதிக் கொடுத்தேன். எழுதத் தெரிந்தவளாயிற்றே... கொஞ்சம் காட்டமாகவே எழுதினேன்.

பிறகு ஒரு போலீஸ்காரரோடு ஆட்டோவில் அந்தச் சந்துக்குப் போனோம்.

கேமராக் கம்பத்துக்கு நேர் கீழே ஒரு பொதுக் குழாய். அங்கே பென்னி! முழங்கால்வரை பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வரிசையில் வந்த குடங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்து ஸ்டூலில் அவனுக்காக டீயும் பாவ் ரொட்டியும். ஸ்டெல்லா அக்கா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழ, அவன் ஒரு கையை நீட்டிக் குழாயை மூடினான். தண்ணீர் வீணாகக் கூடாதாம்.

"பேர் கேட்டோம், சொல்லத் தெரியல. தேடிக்கிட்டு யாராவது வருவாங்கன்னு உட்கார வெச்சோம். எங்கே உட்கார்ந்தான்?" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார், அந்தப் பகுதியில் வசிக்கும் சங்கீதா. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்ப்பவர்; முப்பத்தைந்து வயது இருக்கும்.

போலீஸ்காரர் தகவல் சொல்ல போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நகர்ந்தார். நான் மேலே பார்த்தேன். கம்பத்தின் உச்சியில் ஊதா நைட்டி ஆடிக்கொண்டிருந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

சங்கீதா குழாய்க்குப் பின்னால் கைகாட்டினார். நாலு தகர ஷீட்டால் ஒரு தடுப்பு. கதவுக்கு ஒரு சாக்கு. மேலே திறந்த வானம்.

"நாங்க எல்லாரும் குளிக்கிற இடம் தீதி. அங்கே மேலேருந்து பார்த்தா என்ன தெரியும்னு நீங்களே சொல்லுங்க."

நான் கம்பத்தையும் தடுப்பையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ரெண்டு தடவை மனு கொடுத்தோம். கேமரா வேணாம்னு சொல்லல. ரோட்டுப் பக்கம் திருப்பி வைங்கன்னுதான் கேட்டோம். வெளிநாட்டுக்காரங்க வெச்சது, கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. என் பொண்ணு குளிக்கவே மாட்டேன்னு அழுதா. என் நைட்டிதான் அது. மூங்கில்ல மாட்டி நான்தான் போட்டேன்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் எழுதிய புகார் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். சங்கீதாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"உங்க ஆளை நாங்க பார்த்துக்கிட்டிருந்தோம்... நீங்க அங்கே எங்க மேல எழுதிக் கொடுத்தீங்களா?"

அன்று மாலையே புகாரை வாபஸ் வாங்கப் போனேன். பதிவாகி மேலே போய்விட்டது என்றார்கள். மறுநாள் காலை அந்தச் சந்துக்குப் போலீஸ் ஜீப் போகிறது என்று தெரிந்ததும், ஸ்டெல்லா அக்கா லீவு போட்டுவிட்டு என்னோடு கிளம்பினார்.

வந்தவர் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். கறாரான ஆள். முதல் வேலையாக, கூட வந்த டெக்னீஷியனை விட்டு நைட்டியை இறக்கிக் கையில் வாங்கிக்கொண்டார். சங்கீதா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் ஏதோ விளக்கப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் காதில் வாங்கவே இல்லை.

ஸ்டெல்லா அக்காதான் டீச்சர் குரலில் மராத்தியில் சொன்னார்: "மேடம், கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு போன் போடுங்க. இப்ப என்ன தெரியுதுன்னு மட்டும் கேளுங்க."

என்ன நினைத்தாரோ, போட்டார். ஸ்பீக்கரில். அந்த முனையில் அதே கான்ஸ்டபிள்.

"குழாய் தெரியுது மேடம்... அதுக்குப் பின்னாடி..."

"பின்னாடி என்ன?"

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்.

"என்னன்னு கேட்கிறேன்!"

"பாத்ரூம், மேடம். கூரை இல்ல. உள்ளே... நான் வேற கேமராவுக்கு மாத்திட்டேன், மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் போனை அணைத்தார். தடுப்புக்குள்ளே வாளி நகரும் சத்தம் கேட்டது. யாரோ அப்போதும் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேமராவைத் திருப்பி வைக்க முடியாதா?" என்றார், டெக்னீஷியனிடம்.

"பூட்டின பெட்டி மேடம். அந்த நாட்டு கம்பெனி வரைபடத்துல எந்தக் கோணம் இருக்கோ அதுதான். மாத்தணும்னா அங்கே எழுதிக் கேட்கணும்."

"எழுதுங்க. இன்னைக்கே." பிறகு சங்கீதாவைப் பார்த்தார். "பதில் வர்ற வரைக்கும்..." நைட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

சங்கீதா என்னை மன்னித்துவிட்டாரா? தெரியவில்லை. டீ கொடுத்தார். பென்னியைப் பற்றி மட்டும் விசாரித்தார், அதுவும் ஸ்டெல்லா அக்காவிடம்.

வரைபடம் போட்டவரை நான் திட்டப் போவதில்லை. எங்கோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்து சந்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார். அங்கே பெண்கள் குளிப்பார்கள் என்று அவருக்கு யார் சொன்னது? ஆனால், சொல்ல வேண்டியவர்கள் இங்கே இருந்தோமே... நான் உட்பட ஒருவரும் போய்ப் பார்க்கவில்லையே?

கேமரா எந்த நாட்டுக் காசில் வேண்டுமானாலும் வரட்டும் — அதைத் திருப்புகிற ஸ்பானர் மட்டும் உள்ளூரில் இருக்கட்டும்!