பெயர் எழுத வேண்டாத பெட்டி

பேத்தி படிக்கும் கல்லூரிக்குப் போன மாதம் போயிருந்தேன். திரும்பும்போது வாசலில் ஒரு பெண் கைபேசியை நீட்டினாள். "எங்க காலேஜப் பத்தி ஒரு கருத்து சொல்லிட்டுப் போங்க தாத்தா. பேரு போடத் தேவையில்லங்க." திரையில் அழுமூஞ்சி முதல் சிரித்த மூஞ்சி வரை வரிசையாக முகங்கள். எனக்கோ திடீரென்று தேயிலைத்தூள் வாசம் அடித்தது. வயதானால் மூக்கு இப்படித்தான், கேட்டதை விட்டுவிட்டு வேறெதையோ சொல்லும்.

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் விடுதியில் தங்கிப் படித்த கல்லூரிக்கு அந்தக் காலத்தில் ஒரு புது அதிபர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர். மாணவர் குறையைக் கேட்டால் கல்லூரி திருந்தும் என்று நம்பினார். நல்ல மனுசர், வேறென்ன சொல்ல? ஒரு தேயிலைப் பெட்டியில் துளை போட்டு விடுதி வாசலில் வைத்தார். உள்ளே ஈயத்தாளும் தூள் வாசமும் அப்படியே இருந்தன. "பேர் எழுத வேண்டாம். மனசில கிடக்கிறதை எழுதிப் போடுங்கோ" என்றார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் பெட்டியைத் திறப்பதாக ஏற்பாடு.

முதல் வெள்ளி பெட்டி காலி. விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் வாய் திறந்தவனுக்கு மறுநாள் மலையுச்சியில் தனி வேலை கிடைப்பதைப் பார்த்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள். அடுத்த வெள்ளி ஒரே ஒரு தாள். "அதிபர் ஐயா நீடூழி வாழ்க." அதிபருக்கே வெட்கமாகிவிட்டது.

என் பக்கத்துக் கட்டில் வீரமுத்துவுக்கு இழுப்பு. பச்சைத்தண்ணீர்தான் ஆளை உருவாக்கும் என்பது வார்டனின் கொள்கை. பனி கொட்டும் விடியலில் திறந்த தொட்டியில் குளித்தே தீரவேண்டும். வார்டனுக்கு மட்டும் சமையல்கட்டிலிருந்து ஆவி பறக்க ஒரு வாளி போகும். குளித்துவிட்டு வந்து வீரமுத்து மூச்சுக்குத் தவிப்பான். செத்துப்போவானோ என்று எனக்குப் பயம். படிப்பை விட்டுப் போனாலோ, தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன், கடைசியில் எழுதிப் போட்டான்.

எழுதினான், ஆனால் தோட்டத் துரைக்கு மனு எழுதும் முறையில். பேரும், தோட்டத்தில் எந்தப் பிரிவு, எந்த லயத்து வரிசைவீடு, எந்த அறை என்பதும் இல்லாத மனுவைத் துரை கையால் தொடமாட்டார். ஆகவே "மகாகனம் பொருந்திய" என்று தொடங்கி, கொஞ்சம் வெந்நீர் கேட்டு, "வீரமுத்து, தகப்பன் பழனியாண்டி, டயகம மேக்கணக்கு, பத்தாம் லயம், மூணாம் காம்பரா" என்று முடித்திருந்தான். உருப்படியாக ஒரு குறை வந்த சந்தோசத்தில் அதிபர் அதைக் காம்பரா வரை உரக்க வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அன்று மாலையே வார்டன் வந்தார். "வெந்நி வேணும்னா அப்பன் வீட்டுல போயி குளி. அடுத்த சனிக்கிழமை பெட்டியைக் கட்டு."

"ஏன்டா பேரு போட்ட?" என்று கேட்டேன்.

"பேரு போடலன்னா யாருக்குன்னு வெந்நி குடுப்பாங்க?" என்றான்.

அடுத்த வெள்ளி பெட்டியைத் திறந்ததும் தாள்கள் பொலபொலவென்று கொட்டின. எல்லாம் வெந்நீர் மனு. எல்லாவற்றின் அடியிலும் வீரமுத்து, தகப்பன் பழனியாண்டி, அதே லயம், அதே காம்பரா. யார் தொடங்கியது என்று இன்றுவரை தெரியாது. நானும் ஒன்று போட்டிருந்தேன். தகப்பனை மாற்றியதை என் அப்பாவிடம் சொல்லவில்லை.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழனியாண்டிக்கு இத்தனை பிள்ளையளோ?" என்றவர், வார்டன் பக்கம் திரும்பினார். "ஒருத்தனை எண்டா அனுப்பலாம், மாஸ்டர். இத்தனை பேரையும் அனுப்பினா ஆருக்குப் படிப்பிக்கிறது?"

வீரமுத்து போகவில்லை. பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று வெந்நீர் அடுப்பில் ஏறியது. ஒரு மழை நாளில் விறகு போதாமல் சமையல்காரர் அந்தக் குறைப்பெட்டியையே உடைத்து அடுப்பில் வைத்தார். கல்லூரி வாழ்வு மேம்பட அது ஆற்றிய கடைசித் தொண்டு.

பீப்பாய் போயிற்று, விடுதி போயிற்று. எங்கள் பெட்டி அத்தனை தடவை ஏற்றுக்கொண்ட பெயரை நாட்டின் பிரஜைப் பட்டியல் ஒரு தடவைகூட ஏற்கவில்லை. வருசங்கள் கழித்து வீரமுத்து குடும்பத்தோடு கப்பலேறி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனான். எந்த ஊரில் இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ. பத்தாம் லயத்தையும் இடித்துவிட்டார்கள். அவன் முகவரி என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கைபேசியில் சிரித்த மூஞ்சியைத் தொட்டேன். விரும்பினால் மட்டும் என்றிருந்த பெயர்க் கட்டத்தில் வீரமுத்து என்று தொடங்கி, தகப்பன், கணக்கு, லயம், காம்பரா எல்லாம் விடாமல் எழுதினேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"இதுவா தாத்தா உங்க பேரு?"

"எங்க காலேஜில எல்லாருக்கும் அதாம்மா பேரு" என்றேன்.